மழை வந்தால் வருகிறோம், மாமா

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் ஒரே தங்கை கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். பெரிய மெஷின் மட்டும் துணி பிழியும்போது கொஞ்சம் இருமுகிறது, மற்றபடி அதுவும் சுகம். அங்கே நீங்களும், அக்காவும், புதிதாக நடக்கத் தொடங்கியிருக்கும் குட்டியும், அவள் பிடித்துக்கொண்டு நிற்கிற நாற்காலியும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறோம்.

நான் உங்களுக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. பேசியதும் கிட்டத்தட்ட இல்லை. போன மாதம் அக்கா போனை உங்கள் கையில் கொடுத்தபோது "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டீர்கள். நான் தலையாட்டினேன். "லைன்ல இருக்கியா?" என்றீர்கள். மறுபடியும் தலையாட்டினேன். "சிக்னல் இல்ல போல" என்று நீங்கள் அக்காவிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. சிக்னல் நன்றாகத்தான் இருந்தது மாமா, எனக்குத்தான் கிடைக்கவில்லை. "போன்ல தலையாட்டினா அவருக்கு எப்படிடி தெரியும்?" என்று அம்மா பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா எனக்கு வாயில்லாப் பூச்சி என்று பேர் வைத்திருக்கிறார். பேனாவை எடுத்தால் மட்டும் அந்தப் பூச்சிக்கு எங்கிருந்தோ வாய் முளைத்துவிடுகிறது. ஆகவே கடிதம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் என்பதால் எழுத்துப் பிழையையும் அதோடு சேர்த்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். நாங்கள் உங்கள் வீட்டுக்கு வருகிறோம். மூன்று பேரும். ஆமாம், அப்பாவும்தான். இந்த வரியை அக்காவுக்குப் படித்துக் காட்டுவதாக இருந்தால் முதலில் அவளை எங்கேயாவது உட்காரச் சொல்லுங்கள்.

என்றைக்கு வருகிறோம் என்று மட்டும் கேட்காதீர்கள். மழை தொடங்குகிற அன்றைக்கு வருகிறோம். உலகத்தில் மற்றவர்கள் எல்லாம் மழைக்கு முன்னால் போய்விட்டு வருவார்கள், இல்லையென்றால் மழை விட்டதும் போவார்கள், மழை பிடிக்கிற நேரம் பார்த்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது என்று திட்டம் போட்டிருக்கும் ஒரே குடும்பம் நாங்கள்தான். அதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் லாண்டரியில் துவைக்க மெஷின் உண்டு, காயவைக்க மெஷின் கிடையாது, மொட்டைமாடியும் வெயிலும்தான். வெயில் இருக்கும்வரை துணி வந்துகொண்டே இருக்கும், துணி வரும்வரை அப்பா கடையை விட்டு நகரமாட்டார். முதல் மழை விழுந்ததும் எல்லா வீட்டிலும் "விடட்டும், போடலாம்" என்று அழுக்குத் துணியை மூலையில் குவித்து வைப்பார்கள். அந்த இரண்டு மூன்று நாள் எங்கள் கடையில் ஈ கூட எட்டிப் பார்க்காது. அதற்குப் பிறகு மழை விட்டாலும் விடாவிட்டாலும், போட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போய், சேறும் சகதியுமாக ஊர்த் துணி முழுக்க ஒரே நேரத்தில் வந்து விழும். "அந்த இடுக்குலதான் போயிட்டு வரணும், அதுக்கு முன்னாடியும் ஆகாது, பின்னாடியும் ஆகாது" என்று அப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். வருஷத்தில் எங்களுக்கு இருக்கிற விடுமுறை அந்த இடுக்கு ஒன்றுதான். அதற்காகக் கதவில் மாட்ட ஓர் அட்டை கூட இருக்கிறது, "மழை விடுமுறை" என்று. எழுதியது நான்தான்.

இந்த வருஷம் அந்த இடுக்கு சீக்கிரம் வந்தாக வேண்டும் மாமா. மாத முடிவில் உங்களுக்கு மாற்றல் என்று அக்கா சொன்னாள். இப்போது நீங்கள் இருக்கும் ஊருக்கு ஒரு பஸ் ஏறினால் போதும். போகப்போகிற ஊருக்கு ரயில், இறங்கி இன்னொரு ரயில், அப்புறம் படகு என்கிறாள். ஒரு பஸ் ஏறுவதற்கு இரண்டு வருஷம் யோசித்த மனிதர் படகில் ஏறுவாரா? "இப்ப விட்டா குட்டிக்குக் கல்யாணம் பண்றப்போதான் அவரு அவளைப் பாப்பாரு, அதுக்கும் வருவாரோ மாட்டாரோ" என்று அம்மா இஸ்திரிப் பெட்டியிடம் சொன்னாள். அப்பாவிடம் நேராகச் சொல்ல வேண்டியதை அம்மா எப்போதும் இஸ்திரிப் பெட்டியிடம்தான் சொல்வாள். அப்பா மாடிக்குப் போய், காய்ந்த துணியை எல்லாம் அள்ளிக்கொண்டு இறங்கி வந்து "மழை வந்ததும் போலாம்" என்றார். அம்மா கையில் இருந்த சட்டையைக் கருக்கப் பார்த்தாள்.

அப்பா இந்த இரண்டு வருஷமாக ஏன் வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும், ஆனால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தவருக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தெரியும். அன்றைக்கு நான் இந்தப் பக்கம் மடித்த துணிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் உங்கள் வெள்ளைச் சட்டையை விரித்து, தோளில் உள்ளங்கை அகலத்துக்கு இருந்த ரோஸ் கலர் திட்டைக் காட்டி, "முன்னாடி மெஷின்ல போட்ட துணியோட சாயம் ஏறியிருக்குங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னீர்கள். அப்பா கண்ணாடியை மூக்கில் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு "இது சாயம் இல்ல தம்பி, ஸ்ட்ராபெரி ஐஸ்கிரீம்" என்றார்.

"நான் ஐஸ்கிரீமே சாப்பிடறதில்லீங்க. எனக்குப் பல் கூச்சம்."

"பல் கூச்சம் இருக்கறவங்கதான் வாய்ல வைக்காம தோள்ல வச்சுக்குவாங்க."

கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நீங்கள் "அப்ப நீங்களே வச்சுக்குங்க" என்று சட்டையைக் கவுண்டரில் போட்டுவிட்டுப் போனீர்கள். அதோடு போயிருந்தால் சரி. சட்டையைப் பற்றிப் பேச மறுநாளும் வந்தீர்கள், அடுத்த வாரமும் வந்தீர்கள், கவுண்டரில் அக்கா உட்கார்ந்திருந்தாள், போகப்போகச் சட்டையைப் பற்றிய பேச்சே எழவில்லை. பிறகு பெண் கேட்டு வந்தபோது அப்பா உங்கள் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை, வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. "ஐஸ்கிரீம்தான்னு ஒத்துக்கறீங்களா?" என்று மட்டும் கேட்டார். "இல்லீங்க, சாயம்தான்" என்றீர்கள். அங்கே ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும், எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். அந்தப் பொய்யைச் சொல்லாததால்தான் அக்கா உங்களைக் கட்டிக்கொண்டாள் என்று அம்மா சொல்கிறாள். கல்யாணத்துக்கு அம்மாவும் நானும் வந்தோம். "துணி காயணும்" என்று சொல்லி அப்பா கடையிலேயே இருந்துவிட்டார். ஆனால் அக்கா அன்றைக்குக் கட்டியிருந்த புடவையை முதல் நாள் முழுக்க நின்று ஒரு மடிப்பு பிசகாமல் இஸ்திரி போட்டவர் அவர்தான். யாரையும் கிட்ட விடவில்லை. இதை நான் சொன்னதாக அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அன்றிலிருந்து வீட்டில் உங்கள் பேர் "சட்டைக்காரர்". அக்கா இருந்த கவுண்டருக்கு நான் வந்தேன், பள்ளிக்கூடம் நின்றது அப்படித்தான். வாடிக்கையாளர்களிடம் நான் டோக்கன் நம்பர் மட்டும் பேசுவேன்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். மூன்று பைகளையும் கட்டி வைத்துப் பல நாள் ஆகிவிட்டது. நல்ல துணி எல்லாம் பைக்குள் போய்விட்டதால் ஊருக்கே துவைத்துக் கொடுக்கும் குடும்பம் நைந்த துணியைக் கட்டிக்கொண்டு நடமாடுகிறது. பஸ் ஆபீசுக்கு அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார், துணைக்கு ஓர் ஆள் இருந்தால் தைரியம் என்று. என்னைத் துணைக்குக் கூப்பிடுகிறார் என்றால் அவர் எவ்வளவு பயந்துபோயிருந்தார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"என்னைக்குங்க பயணம்?" என்றார் டிக்கெட் கொடுப்பவர்.

"மழை வர்ற அன்னைக்கு."

"அது என்னைக்கு?"

"அதை நீங்கதான் சொல்லணும். எல்லா ஊருக்கும் பஸ் விடறீங்க, எந்த ஊர்ல மேகம் எங்க நிக்குதுன்னு டிரைவருங்க வந்து சொல்லமாட்டாங்களா?"

"சார், தேதி சொன்னாத்தான் டிக்கெட்."

"சரி, தேதி போடறீங்க. அன்னைக்கு மழை வரலைன்னா?"

"வரலைன்னா நல்லதுதானே சார்? நனையாம போவீங்க."

"நனையாம போறதா இருந்தா நான் எதுக்கு வீட்டை விட்டுக் கிளம்பறேன்?"

அவர் அப்பாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். ஐயாவுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று கண்ணாலேயே கேட்டார். நான் தலையாட்டினேன். அது ஆமாமா இல்லையா என்று எனக்கே தெரியாத ஒரு தலையாட்டல். ஆனால் அதற்குப் பிறகு அவர் அப்பாவிடம் ரொம்ப அன்பாகப் பேசினார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், "எப்ப வந்தாலும் நானே சீட்டு போட்டுத் தர்றேன், பதட்டப்படாம வாங்க" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார். "பார்த்தியா, நம்ம கடைக்கு வெளியில என்ன மரியாதை" என்று அப்பா வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் வானம் கறுத்தது. காற்று எழும்பி லாட்ஜ் படுக்கை விரிப்புகள் கொடியில் படபடவென்று அடித்துக்கொண்டன. அப்பா மாடியில் இருந்தபடியே "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று கத்த, அம்மா துணியை அள்ள, நான் அட்டையை மாட்ட, பூட்டைப் போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். தலையில் நாலு சொட்டு விழுந்தது. அப்பா முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை, அவ்வளவு சந்தோஷம். பஸ்ஸும் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பி வானத்தைப் பார்த்தார். மேகம் விலகி, கழுவித் துடைத்த மாதிரி ஒரு வெயில் அடித்தது. "ஏறுங்க சார்" என்றார் கண்டக்டர். "எப்படிப்பட்ட வெயில் பாருங்க" என்றார் அப்பா. "அதனால?" "இந்த வெயிலை வீணாக்கிட்டுப் போகச் சொல்றீங்களா?" என்று காலை இறக்கிவிட்டார். திரும்பி வந்தபோது கடை வாசலில் லாட்ஜ் ஆள் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது தடவை நடந்ததைக் கேட்டால் சிரிக்காதீர்கள், சிரித்தாலும் அப்பா காதில் விழாமல் சிரியுங்கள். விடிந்தும் விடியாத நேரம், மேலே சோவென்று தண்ணீர்ச் சத்தம். "மழை! எழுந்திருங்க, இது நிஜ மழை!" என்று அப்பா எல்லோரையும் உலுக்கினார். ஜன்னல் வழியே பார்த்தால் தண்ணீர் தாரையாக ஊற்றுகிறது. நான் பல் கூடத் தேய்க்கவில்லை. ஒரே குடையில் மூன்று பேரும் மூன்று பையோடு நசுங்கிக்கொண்டு தெரு முனைவரை போய்விட்டோம். அங்கே பால் பாக்கெட் போடுகிறவர் சைக்கிளை நிறுத்தி எங்களை மேலும் கீழும் பார்த்தார். அப்போதுதான் நாங்களும் கீழே பார்த்தோம். தெரு காய்ந்து கிடந்தது. எங்கள் வீடு மட்டும் நனைந்து நின்றது. மாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது மாமா. மோட்டாரைப் போட்டுவிட்டு மறுபடியும் படுத்துத் தூங்கியவர் அப்பாவேதான். "யாரு மோட்டாரைப் போட்டது?" என்று அவர் அதட்ட, "மேகம் வந்து போட்டிருக்கும்" என்றாள் அம்மா.

இது கராத்தே மாஸ்டருக்கு எப்படியோ எட்டிவிட்டது. எங்கள் தெருவில் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லிக் கொடுப்பவர், அவர்களுடைய வெள்ளை உடுப்பெல்லாம் எங்களிடம்தான் வரும். கதவளவு ஆள், கடை அதிரப் பேசுவார். "என்ன லாண்டரிக்காரரே, பொண்ணு வீட்டுக்குப் போக வானத்துக்கிட்டயா லீவு கேக்கறீங்க? போகணும்னா போங்க, பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அதிலிருந்து எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. அப்பா மழைக்காகக் காத்திருக்கிறாரா, மழை வராமல் இருப்பதற்காகவா?

பதில் அந்தச் சட்டையில் இருந்தது. அதை அப்பா தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியும், சாட்சிக்காம். எங்களுக்குத் தெரியாதது, குட்டி பிறந்ததிலிருந்து அவர் அதை ரகசியமாக எடுத்து எடுத்துத் துவைத்துப் பார்க்கிறார் என்பது. உங்கள் வீட்டுக்கு வெறும் கையோடு வர அவருக்கு மனசில்லை. கறை இல்லாத சட்டையோடு வர வேண்டும். ஆனால் கறை போகவில்லை. ஏன் போகவில்லை என்றால், எங்கள் தொழிலில் ஒவ்வொரு கறைக்கும் ஒவ்வொரு மருந்து. ஐஸ்கிரீமுக்கு ஒன்று, சாயத்துக்கு ஒன்று. சட்டையில் இருப்பது ஐஸ்கிரீம் என்று அப்பா ஊரறியச் சொல்லியிருக்கிறார். அதனால் ஐஸ்கிரீம் மருந்தைத்தான் போட்டார். எலுமிச்சம்பழம் போட்டார், சோப்பு நுரையில் ஊறவைத்தார், பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்தார். சாயத்துக்கு நாங்கள் தினமும் கலக்குகிற வெளுப்புத் தூள் கைக்கெட்டும் தூரத்தில் டின்னில் இருந்தது. அதைத் தொடவே இல்லை. தொட்டால் சாயம் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே.

நேற்று அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பக்கெட்டில் ரோஸ் கலர் சாயப்பொடியைக் கரைத்துச் சட்டை முழுவதையும் முக்கி எடுத்துவிட்டார். கறை எந்த நிறமோ, சட்டையும் அந்த நிறம். எடுத்து விரித்து "இப்ப எங்க இருக்கு கறை? காட்டு பார்க்கலாம்" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா நிதானமாகச் சட்டையைப் பார்த்தாள், முழங்கைவரை ரோஸ் கலராக இருந்த அப்பாவின் கைகளைப் பார்த்தாள். "கறை சட்டையில இல்லீங்க, இப்ப உங்க மேல இருக்கு" என்றாள். அந்தக் கையோடு வெளியே போக வெட்கப்பட்டு அப்பா பின்பக்கமே இருந்துவிட்டார். இருந்தவர் சும்மா இருந்திருக்கலாம். சாயச் சட்டையை அலசிப் பிழியப் பெரிய மெஷினில் போட்டார். அது முடிந்ததும், மெஷினைக் கழுவாமல், அடுத்து வரிசையில் இருந்ததைத் தூக்கிப் போட்டார்.

அடுத்து வரிசையில் இருந்தது கராத்தே உடுப்பு.

மெஷின் கதவைத் திறந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். ஒரு பிள்ளையின் உடுப்பு பாக்கி இல்லை மாமா, அத்தனையும் ரோஸ். சில இடத்தில் லேசாக, சில இடத்தில் திட்டாக. அப்பா ஓர் உடுப்பை எடுத்துத் தோள் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளங்கை அகலத் திட்டு. அந்த ஈர உடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அந்த நேரம் பார்த்து முன்பக்கம் மாஸ்டரின் குரல் கேட்டது. "பாப்பா, உடுப்பு ரெடியா? ஞாயிற்றுக்கிழமை போட்டி!"

கவுண்டரில் நான்தான் இருக்க வேண்டும். போனேன். டோக்கன் நம்பர் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், அதுவும் வரவில்லை. பிறகு எங்கிருந்து வந்ததோ, "ரெடி இல்ல. ரோஸ் ஆயிடுச்சு. எங்க தப்புதான்" என்று முழுதாக மூன்று வாக்கியம் சொல்லிவிட்டேன். அவருக்கு விஷயம் புரியவில்லை, நான் பேசியதிலேயே ஆடிப்போய்விட்டார். ஓர் உடுப்பை எடுத்துக் காட்டியதும்தான் புரிந்தது.

"போட்டிக்குப் போறோமா, பொம்மைக் கடை திறக்கப் போறோமா? யாரு வேலை இது?"

அப்பா ஆவியும் ஈரமுமாகப் பின்பக்கத்திலிருந்து வந்தார். இரண்டு கையையும் மறைக்காமல் கவுண்டர்மேல் வைத்தார்.

"என் வேலைதான். என் மெஷின்தான். முன்னாடி போட்ட துணியோட சாயம் ஏறியிருக்கு. இது ஐஸ்கிரீம் இல்ல."

"ஐஸ்கிரீமா? ஐஸ்கிரீம்னு யாருங்க சொன்னா?"

"நான்தான் சொன்னேன்" என்றார் அப்பா. "ரெண்டு வருஷமா சொல்லிட்டு இருந்தேன்."

மாஸ்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பஸ் ஆபீஸ்காரர் பார்த்த மாதிரியே அவரும் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டவில்லை. அம்மா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், புழுக்கமாம். "சனிக்கிழமைக்குள்ள வெள்ளையா வேணும்" என்று மாஸ்டர் குரலை இறக்கிச் சொல்லிவிட்டுப் போனார்.

உடுப்புகள் ராத்திரி முழுக்க வெளுப்புத் தூள் தண்ணீரில் ஊறின. இன்று காலை அலசி மாடியில் கட்டியிருக்கிறோம். கையும் காலும் விரித்து வரிசையாகக் காற்றில் உதைத்துக்கொண்டிருக்கின்றன. இன்னும் ஈரமாக இருப்பதால் சாயம் முழுக்கப் போனதா என்று தெரியவில்லை, நல்ல வெயிலில் காய்ந்தால்தான் சொல்ல முடியும். நான் அவற்றுக்குக் காவலாக நிழலில் உட்கார்ந்துதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். இத்தனை நாள் மழை வா வா என்று கூப்பிட்ட குடும்பம் இன்றைக்கு வராதே வராதே என்று கையெடுத்துக் கும்பிடுகிறது. வானத்துக்கே குழப்பமாகத்தான் இருக்கும். ஆகவே நிலவரம் இதுதான் மாமா. சனிக்கிழமைவரை மழை வரக்கூடாது. அதன்பின் உடனே வர வேண்டும், மாதம் முடிவதற்குள் வர வேண்டும். அப்பா இன்னும் "மழை வரட்டும்" என்றுதான் சொல்கிறார். வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் உங்களிடம் ஒன்று கேட்க இந்தக் கடிதம். நாங்கள் வந்தால் அப்பா ஒரு ரோஸ் கலர் சட்டையைக் கொண்டுவந்து உங்களிடம் நீட்டுவார். எதுவும் சொல்லமாட்டார், சொல்லத் தெரியாது. நீங்கள் சிரிக்காமல் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் போதும். நீங்கள் பொய் சொல்லாதவர் என்று தெரியும், நன்றாக இருக்கிறது என்றெல்லாம் சொல்ல வேண்டாம். போட்டுக்கொண்டால் போதும்.

குட்டிக்கு என் முத்தங்கள், கன்னத்துக்கு ஒன்று, நடக்கிற கால்களுக்கு ஒவ்வொன்று. அக்காவுக்கு அம்மாவின் ஆசியும், அப்பா மனதுக்குள் வைத்துக்கொண்டு சொல்லாத ஆசியும். உங்களுக்கு என் பணிவான வணக்கம். உங்கள் வீட்டில் எந்தத் துணியும் சாயம் போகாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மரியாதையுள்ள மச்சினி,
வாயில்லாப் பூச்சி.

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியிருக்கிற எதையும் இப்போது படிக்க வேண்டாம், முதலில் இதைப் படியுங்கள். இதைக் கடைசியில் எழுதிவிட்டு முதலில் படியுங்கள் என்பது எப்படி என்று எனக்கும் தெரியவில்லை. நேற்றுச் சாயங்காலம் அப்பா துணி எடுக்க மாடிக்கு வந்தார். உடுப்பெல்லாம் பளிச்சென்று வெள்ளை. கொடியின் கடைசியில் தொங்கியதைக் கையில் எடுத்துக்கொண்டு "இதோட கால்சட்டை எங்க?" என்று தேடினார். "அதுக்குக் கால்சட்டை கிடையாதுங்க, அது கராத்தே பழகலை" என்றாள் அம்மா. முந்தின ராத்திரி அவள்தான் உங்கள் சட்டையையும் யாருக்கும் தெரியாமல் அந்தத் தண்ணீரில் போட்டிருக்கிறாள். அப்பா தோளை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். ரோஸும் இல்லை, திட்டும் இல்லை. தொட்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார். "ஒரே ராத்திரில போயிருக்கும் போலயே" என்றார். பிறகு சட்டையை மடித்துக்கொண்டே எழுந்து, "பையை எடுத்து வை, காலையில கிளம்பறோம்" என்றார்.

இன்று காலை வானத்தில் பெயருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. இந்த வருஷத்திலேயே இப்படி ஒரு வெயில் அடித்ததில்லை. அப்பா கடையைப் பூட்டி "மழை விடுமுறை" அட்டையை மாட்டினார். உடுப்பை நானே மாஸ்டரிடம் கொடுத்து, "போட்டில ஜெயிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குள் லாட்ஜ் ஆள் மூட்டையோடு வந்து அட்டையையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்து, "எங்கய்யா மழை?" என்று கத்தினார். "எங்க மாப்பிள்ளை வீட்ல" என்று சொல்லிவிட்டு அப்பா நடந்தார். மாப்பிள்ளை என்று சொன்னார் மாமா. நானும் அம்மாவும் கேட்டோம்.

இப்போது பஸ்ஸில் இருக்கிறேன், எழுத்து குலுங்குவது அதனால்தான். தபாலை விட நாங்கள் முந்திவிடுவோம், கடிதத்தை நானே வாசலில் உங்கள் கையில் தருவேன். அப்பா செருப்பைக் கழற்றுவதற்குள் இதைப் படித்துவிடுங்கள். ரோஸ் சட்டையைப் பற்றிக் கவலை வேண்டாம், அது இல்லை, வெள்ளைச் சட்டைதான், மடியில் வைத்துக்கொண்டு வருகிறார், பையில் போட்டால் கசங்குமாம். உங்களிடம் என்ன சொல்வது என்று வழி முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பி ஒத்திகை பார்க்கிறார். எத்தனையோ விதமாகத் தொடங்கிப் பார்த்து, கடைசியில் ஒன்றில் வந்து நின்றிருக்கிறார். "பல் கூச்சம் இப்ப எப்படி இருக்கு மாப்பிள்ளை?" அவர் அதைக் கேட்டால் அதுதான் மன்னிப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். பதிலுக்கு என்ன சொல்வது என்று நீங்கள் தடுமாற வேண்டாம். தலையாட்டினால் போதும். நேரில் என்றால் தெரியும்.